பிரதான சாட்சி தண்ணீர் குடிக்கவில்லை

இத்தால் உள்ளூரிலும் வெளியூரிலும் கடல் கடந்த ஊர்களிலும் வாழ்கின்ற சகல பெருமக்களுக்கும் அறியத்தருவது யாதெனில், கோப்பாய், வைரவர் ஒழுங்கையில் வசிக்கும் திருமதி பத்மாசினி தியாகராசா அவர்களின் பசுவாகிய றாணி, தண்ணீர் அருந்துவதை முற்றாக நிறுத்திக்கொண்டது.

இந்தச் செய்தியை ஓட்டோவின் கூரையில் ஒலிபெருக்கி பூட்டி, ஆனி மாதத்துச் சோளகக் காற்று கிளப்பிய செம்புழுதிக்குள்ளால் சந்தி சந்தியாகச் சொல்லித் திரிந்தவர் இளைப்பாறிய உப அதிபர் பொன்னம்பலம் மாஸ்டர். "இது ஒரு மாட்டின் பிரச்சினையன்று, மானுடத்தின் பிரச்சினை" என்று ஒவ்வொரு சந்தியிலும் குரலைத் தழதழக்க வைத்து முடித்தார். ஓட்டோ பத்மாசினியின் வாசல் படலையைக் கடந்தபோது, மானுடத்தின் பிரச்சினை கொட்டிலுக்குள் நின்று பால் வாளியை உதைத்துக் கவிழ்த்தது.

"உதை! மிச்சமிருக்கிறதையும் உதை! உனக்குத்தானே ஊரெல்லாம் விளம்பரம்" என்றாள் பத்மாசினி.

வாளியில் இருந்தது வீட்டுத் தேத்தண்ணிக்கே காணாது. ஒழுங்கையில் பால் வாங்குகிற வீடுகளுக்கெல்லாம் நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி அவளுக்கு வாய் உளைந்துவிட்டது.

'முற்றாக' என்பது மாஸ்டரின் சொல். மாடு தண்ணீரே குடிக்காமல் உயிரோடு நிற்குமா? குடித்தது, உயிர் தரிக்கிற அளவுக்கு. கொட்டிலின் இரும்புக் குழாய்த் தூணோடு அணைத்துப் பாதியாய் வெட்டிய தார்ப்பீப்பா ஒன்று வைத்திருந்தது. றாணி அதனருகே வரும். கழுத்தை நீட்டும். மூக்கு நனைந்ததும் யாரோ அறைந்ததுபோலத் தலையைப் பின்னுக்கு இழுக்கும். பிறகு நின்று, தண்ணீரைப் பார்த்தபடியே வாயூறும். பிளாஸ்டிக் வாளியில் வைத்துப் பார்த்தாள். அதற்கும் அதே பயம். புண்ணாக்கை மாற்றினாள், தவிட்டை மாற்றினாள், வைரவர் கோயில் நூலைக் கொம்பில் கட்டினாள். மாட்டு டொக்டர் வந்து வாயையும் மடியையும் பார்த்து, வருத்தம் ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனார். வருத்தம் இல்லாத மாட்டின் விலா எலும்பு நாளுக்கு நாள் வெளியே வந்தது.

குணமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் தியாகராசா குனிந்து சாணம் அள்ளும்போது அவருடைய வழுக்கைத் தலையை நக்கி விடுகிற மாடு அது. இப்போது அவரைக் கண்டால் காதைப் பின்னுக்கு மடிக்கிறது. பகலில் பின்வளவுக்கு மேய விட்டுப் பின்னேரம் பிடித்து வந்தால் கொட்டில் வாசலில் நாலு காலையும் ஊன்றிக்கொள்ளும். ஒருவர் இழுக்க ஒருவர் தள்ளத்தான் உள்ளே ஏற்றலாம். கொட்டிலுக்குள் ஏறிச் சங்கிலி பூட்டியதும் தோல் துடிக்கத் தொடங்கும், இலையான் மொய்க்காத இடத்திலும்.

தியாகராசா பஸ் கொண்டக்டராக இருந்து இளைப்பாறியவர். நெரிசலில் எல்லாருக்கும் இடம் பண்ணிக் கொடுத்தே பழகியவர் என்பதால் எந்த விசயத்திலும் ஒரு பக்கம் நிற்க அவருக்கு வராது. முழங்காலில் உதை வாங்கிய பிறகு, முதல் தடவையாக ஒரு பக்கம் நின்றார்.

"இஞ்சாரும், நான் இளையதம்பியிட்டைச் சொல்லிப்போட்டன்" என்றார், பிட்டைச் சம்பலோடு பிசைந்தபடி. பிட்டுக்குப் பால்விட்டுச் சாப்பிட்டது ஒரு காலம்.

"என்னத்தைச் சொன்னனீங்கள்?"

"வெள்ளிக்கிழமை லொறியைக் கொண்டு வாறாராம்."

இளையதம்பி மாட்டுத் தரகர். அவருடைய லொறியில் ஏறிய மாடு எந்த வளவுக்குப் போகும் என்று யாரும் கேட்பதில்லை. வளவுக்குப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

பத்மாசினி அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். "சினை மாடு. உங்களுக்கு விசரே?"

"தண்ணி குடியாத மாடு கண்டு போடுமோ? அதுகும் செத்து இதுகும் செத்து, நாங்கள் கிடங்கு வெட்டிக்கொண்டு நிக்கிறதோ? நீர் சொல்லும்."

"வெள்ளிக்கிழமைக்கிடையிலை நான் குடிக்கப் பண்ணுவன்."

"என்னண்டு?"

"எனக்குத் தெரியாது. பண்ணுவன்."

ஒழுங்கை முடிகிற தொங்கலில், வெறும் வளவொன்றில் அந்தத் தொலைபேசிக் கோபுரம் தை மாதம் எழும்பியது. அன்றிலிருந்து ஊரில் நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே பொறுப்பு. தேங்காய் சிறுத்தது, மிளகாய் இலை சுருண்டது, ஒருவருடைய மருமகன் கனடாவிலிருந்து கோல் எடுக்காமல் விட்டது, எல்லாம் மின்காந்த அலை. பொன்னம்பலம் மாஸ்டர் 'மின்காந்த அலை எதிர்ப்பு மக்கள் பேரவை'யைத் தொடங்கினார். கோபுரம் வந்த பிறகு வாட்ஸ்அப் நன்றாக வேலை செய்தபடியால் ஆட்களைத் திரட்டுவது சுலபமாக இருந்தது.

பேரவைக்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டும், அதைச் சுற்றி வெளிச்சம் வேண்டும், அது பெரிய றோட்டிலிருந்து தெரியவும் வேண்டும். அதற்குத் தோதான படலை பத்மாசினியுடையது. அவளும் உடனே ஓம் என்றாள். அநீதியை எதிர்க்கிற ஆவேசம் ஒரு பங்கு என்றால், முன்வீட்டுப் பாலேஸ்வரி தன் படலைத் தூணில் புதுசாக ஒரு விளக்குப் போட்டிருந்தது மூன்று பங்கு.

வயர் இழுக்கும் வேலையை மாஸ்டரே முன்னின்று நடத்தினார். முப்பது வருசம் குடியியல் படிப்பித்தவர். ஆள் பற்றாக்குறை வந்தபோது ஒரு தவணை விஞ்ஞானமும் படிப்பித்திருக்கிறார். வீட்டு விறாந்தை பிளக்கிலிருந்து புறப்பட்ட வயர் கொட்டிலுக்கு மேலால் போய்ப் பலகையை அடைந்தது. கலியாணச் சோடனைக் கடையில் எடுத்த குண்டு பல்புகளை அதில் பூட்டினார்கள். பலகையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வரவேண்டிய வயர்தான் கட்டையாகிவிட்டது. அது கொட்டில்வரைக்கும் வந்து நின்றது. இன்னொரு துண்டு வாங்க ஆள் அனுப்பலாமா என்று தியாகராசா கேட்டார். மாஸ்டர் கொட்டிலின் இரும்புக் குழாயைப் பார்த்தார். அது நிலத்துக்குள் ஆழ இறங்கியிருந்தது.

"இதிலை சுத்திவிடுங்கோ. மிச்சத்தைப் பூமாதேவி ஏற்றுக்கொள்ளுவா."

சுற்றினார்கள். பல்பு எரிந்தது. உடனே வீட்டு ட்ரிப் சுவிச் விழுந்தது. தூக்கிவிட்டால் திரும்பவும் விழுந்தது. மாஸ்டர் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்டியளே உவன்ரை வேலையை? எங்கடை வெளிச்சத்தை அவனாலை பொறுக்கேலாமல் கிடக்கு."

ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்து நேராக இணைப்புக் கொடுக்கப்பட்டது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். பல்புகள் சற்று மங்கலாகத்தான் எரிந்தன. "அலை குடிக்குது" என்றார் மாஸ்டர். போராட்டம் உறங்காது என்பதால், இரவும் பகலும் அணைக்கக் கூடாது என்றும் கட்டளையிட்டார்.

அந்தக் கிழமைதான் றாணி வாளியை முதல் தடவை உதைத்தது. மாஸ்டர் ஓடி வந்து பார்த்தார். அவர் முகத்தில் பரிவும் இருந்தது; லொத்தர்ச் சீட்டு விழுந்தவனுடைய களையும் இருந்தது.

"தங்கச்சி, இதுதான் எங்கடை பிரதான சாட்சி. இதை வடிவாப் பாத்துக்கொள்ளும்."

"நீங்கள் சாட்சியைப் பாருங்கோ மாஸ்டர். நான் மாட்டைப் பாக்கிறன்."

கூரைத் தகரம் அலையை இழுக்கிறது என்று மாஸ்டர் சொன்னார். வெள்ளிக்கு நாலைந்து நாள்தானே என்று பத்மாசினி சும்மா இருக்கவில்லை. தகரத்தைக் கழற்றுவித்தாள். தென்னோலைக் கிடுகு வாங்கித் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி, தியாகராசா ஏணியில் நின்று நொண்டிக் காலோடு வரிச்சில் வைத்துக் கட்ட, கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். காற்று கிடுகைப் பறித்துக்கொண்டு போய்ப் பாலேஸ்வரியின் வளவில் போட்டது.

"என்ன அக்கா, உங்கடை கூரை எங்கடை வீட்டை வந்து நிக்குது?" என்றாள் பாலேஸ்வரி வேலிக்கு மேலால். அவளுடைய நாய் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் குரைத்தது.

"உங்கடை வீட்டு வெளிச்சத்தைப் பாக்கப் போனதாக்கும்."

கிடுகு வேய்ந்து முடிய, றாணி அண்ணாந்து புதுக் கூரையைப் பார்த்தது. பிறகு தண்ணீரைப் பார்த்தது. குடிக்கவில்லை.

புதன்கிழமை பகல் முழுவதும் கரண்ட் இல்லை. கம்பி திருத்துகிறார்களாம். காலமை, மாட்டை மேய விடுவதற்கு முதல், பத்மாசினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கொட்டிலுக்குள் ஒரு சத்தம் கேட்டது. உறிஞ்சுகிற சத்தம், நின்று நிதானித்து, இடையில் மூச்சுவிட்டு, திரும்பவும் உறிஞ்சுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தாள். பீப்பாவின் அடி தெரிந்தது. றாணி நாக்கால் அதன் அடியை வழித்துக்கொண்டிருந்தது. கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி வந்து ஊற்றினாள். அவள் ஊற்ற ஊற்ற அது குடித்தது. அவளுடைய கண்ணும் மூக்கும் ஓடின. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டாள்.

பின்னேரம் கரண்ட் வந்தது. பலகை மங்கலாக எரிந்தது. றாணி தலையைப் பின்னுக்கு இழுத்தது.

மாஸ்டருக்கு இந்தச் செய்தி தேனாக இருந்தது. "பாத்தீரே! கரண்ட் இல்லை, கோபுரம் நிண்டிட்டுது, மாடு குடிச்சிட்டுது. இதுக்கு மேலை என்ன ஆதாரம் வேணும்?"

"கோபுரம் நிக்கேல்லை மாஸ்டர். அதின்ரை ஜெனரேட்டர் பகல் முழுக்க உறுமிக்கொண்டு நிண்டது. எனக்குக் காது அடைச்சுப்போச்சு."

மாஸ்டர் ஒரு கணம் யோசித்தார். ஒரு கணத்துக்கு மேல் அவர் எதையும் யோசிப்பதில்லை.

"ஜெனரேட்டரிலை வாற அலை மென்மையான அலை, தங்கச்சி."

பத்மாசினி அன்று தொடக்கம் கோபுரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். கோபுரம் ஓடியும் மாடு குடித்தது. வீட்டுக்குக் கரண்ட் வந்ததும் மாடு பயந்தது. அப்படியானால் வினை வானத்தில் இல்லை, வளவுக்குள் இருக்கிறது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. இறைப்பு மோட்டரைப் பார்த்தாள், குசினி லைற்றைப் பார்த்தாள், தியாகராசா புதிதாக வாங்கிய காற்றாடியைக்கூடச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

எல்லாம் வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. அன்று வைரவர் கோயில் பொங்கல். பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து தொலைத்தொடர்பு அதிகாரிகள், பேரவையின் முறைப்பாட்டின்படி, கோபுரத்தின் அலையை அளக்கவும் சாட்சியைப் பார்க்கவும் வருகிறார்கள். அதே நேரத்துக்கு இளையதம்பியின் லொறி.

கோயில் அபிசேகத்துக்கான பால் வருசாவருசம் இந்தக் கொட்டிலிலிருந்துதான் போகும். அதற்கு ஒரு முறை உண்டு. கிணற்றடியில் தோய்ந்து, ஈரச் சீலையோடு, செருப்பில்லாமல் வந்து கறக்கவேண்டும். மற்ற நாட்களில் கொட்டிலுக்குள் எல்லாருக்கும் றப்பர் செருப்பு. சாணத்துக்கும் மூத்திரத்துக்கும் அது இல்லாமல் கால் வைக்க முடியாது. ஆக, அந்தத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர் றாணி ஒருவர்தான்.

விடியக் காலமை பத்மாசினி தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, செம்பும் கையுமாக வந்தாள். "அம்மா தாயே, இண்டைக்கு ஒரு செம்பு தந்தால் காணும். வைரவரிட்டை உன்னைப்பற்றிச் சொல்லுறன்" என்று மாட்டின் கழுத்தைத் தடவினாள். சங்கிலி இறுகியிருந்தது. அதைத் தளர்த்தக் கையை வைத்தாள்.

உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை எறும்புப் புற்றொன்று கலைந்து ஓடியது. செம்பு உருண்டு போனது.

"கோதாரி!"

தியாகராசா விறாந்தையிலிருந்து, "என்னப்பா, உதைச்சிட்டுதோ?" என்றார்.

பத்மாசினி கையை உதறினாள். மாட்டைப் பார்த்தாள். மாடும் அவளைப் பார்த்தது. இத்தனை நாள் இந்தப் பிராணி இரவிரவாகக் கழுத்தில் இதைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. தண்ணீருக்குள் மூக்கை வைத்தால் மூக்கில். சொல்ல வாய் இல்லாததால் உதைத்திருக்கிறது. அவள் கண் சங்கிலியைப் பிடித்துக் குழாய்க்குப் போனது. குழாயைப் பிடித்து மேலே ஏறியது. கிடுகு ஓரத்தில் குழாயைச் சுற்றி, கோயில் நூலைப்போலப் பக்தியாக, ஒரு செப்பு வயர். அது அங்கேயிருந்து படலைக்குப் போய்ப் பலகையைத் தொட்டது.

விறாந்தைக்கு நடந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். பேரவை இருண்டது. திரும்பி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நனைந்த விரலைச் சங்கிலியில் வைத்தாள். இரும்பு. வெறும் இரும்பு.

றாணி உடனே குடித்துவிடவில்லை. ஏமாந்து பழகிய மாடு. மூக்கை நீட்டியது, எடுத்தது, நீட்டியது. பிறகு முகத்தை முழுசாக உள்ளே விட்டது. கறந்தபோது செம்பு நிறையவில்லை, ஆனால் உதைக்கவுமில்லை.

"இஞ்சாருங்கோ, இளையதம்பி அண்ணைக்கு கோல் எடுத்து வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"லொறி வெளிக்கிட்டிருக்கும்..."

"அப்ப வந்தாப்போலை நான் சொல்லுறன்."

லொறிக்கு முதல் வந்தவர் மாஸ்டர். வெள்ளை வேட்டி, சால்வை, விபூதி, தோல் செருப்பு. படலையில் இருண்ட பலகையைக் கண்டதும் ஆள் செத்த வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்தார்.

"தங்கச்சி! ஆர் அணைச்சது?"

"நான்தான். உங்கடை வயர் என்ரை மாட்டுக்குக் கரண்ட் அடிச்சுக்கொண்டு நிண்டிருக்கு. கோபுரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கழட்டினன், குடிக்குது. பாருங்கோ."

மாஸ்டர் பார்த்தார். பிரதான சாட்சி தாடையிலிருந்து தண்ணீர் வடிய நின்று அசை போட்டது. அப்படியொரு துரோகத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

"மெல்லமாக் கதையும்" என்றார். "பத்து மணிக்கு ஆக்கள் வருகினம். பேப்பர்க்காரரும் வருகினம். மாடு அவைக்கு முன்னாலை தண்ணி குடிச்சால் எங்கடை போராட்டம் என்னாகிறது?"

"குடியாட்டில் என்ரை மாடு என்னாகிறது?"

"ஒரு பொதுக் காரியத்துக்கு ஆரோ ஒருத்தர் கொஞ்சம் வருத்தப்படத்தான் வேணும்."

"அப்ப நீங்கள் படுங்கோ."

"இண்டைக்கு மட்டும் ஒருக்காப் பிளக்கைப் போடும். ஒரு அரை மணித்தியாலம்."

பத்மாசினி ஈரத் தலையைக் கொண்டையாகச் சுற்றினாள். சங்கிலியைக் கழற்றி, மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டுபோய் மாமரத்தடியில் கட்டினாள். ஒரு கடகம் வைக்கோலையும் போட்டாள். பிறகு வந்து நின்று சொன்னாள்:

"போடுறன். ஆனால் மாட்டை இனி உதுக்குள்ளை நான் ஏத்த மாட்டன். வேணுமெண்டால் நீங்கள் பிடிச்சுக்கொண்டு போய்ச் சங்கிலி பூட்டித் தண்ணி வையுங்கோ. இண்டைக்கு அபிசேகப் பால் எடுத்த கொட்டில், செருப்போடை ஏறேலாது. கால் கழுவிப்போட்டு ஏறுங்கோ. அதிலை கரண்ட் நிக்குது, இப்பவே சொல்லிப்போட்டன். பேந்து சொல்லேல்லை எண்டு சொல்லக்கூடாது."

"எனக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வேண்டாம். பூமிக்குள்ளை போன கரண்ட் திரும்பி வராது."

பிளக் போடப்பட்டது. பேரவை ஒளிர்ந்தது, மங்கலாக.

அதிகாரிகள் ஒரு வானில் வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவள் நிவேதனா என்ற இளம் பொறியியலாளர். கையில் ஒரு அளவுகருவி. கோபுரத்தடியில் அளந்தாள், ஒழுங்கையில் அளந்தாள், கொட்டில் வாசலில் அளந்தாள். கருவி ஒன்றுக்கும் பதறவில்லை. பின்னால் இளையதம்பியின் லொறியும் வந்து நின்றது. ஆள் இறங்கி, இவ்வளவு சனமும் ஒரு மாட்டை வழியனுப்பவா என்று வியந்தார்.

மாஸ்டர் கால் கழுவினார். ஈரக் காலோடு கொட்டிலுக்குள் ஏறி நின்று பேசத் தொடங்கினார். கருவிகள் பொய் சொல்லும், வாயில்லாச் சீவன் பொய் சொல்லாது என்றார். "இந்தச் சங்கிலி இருக்கிறதே, இது ஒரு மாட்டின் சங்கிலியன்று! இது மானுடத்தின்..." என்று அதை உயர்த்திக் காட்டுவதற்காகப் பிடித்தார்.

மானுடத்தின் என்ன என்பது தெரியாமலே போனது. மாஸ்டரிடமிருந்து, குடியியல் பாடத்தில் இல்லாத ஒரு சத்தம் வந்தது. சங்கிலி ஒரு பக்கம், சால்வை ஒரு பக்கம், ஆள் சாணக் குவியல் பக்கம். மாமரத்தடியில் றாணி அசை போடுவதை நிறுத்தி, காதை முன்னுக்கு வைத்துப் பார்த்தது. தெரிந்த விசயம் என்பதுபோலத் திரும்பவும் அசை போட்டது.

பத்மாசினி அதற்குள் பிளக்கைப் பிடுங்கியிருந்தாள். அவள் விறாந்தையில் அதன் பக்கத்திலேயேதான் நின்றாள்.

"சேர், இது என்ன வயர்?" என்று நிவேதனா குழாயைக் காட்டிக் கேட்டாள்.

தியாகராசா மாஸ்டரைத் தூக்கி நிறுத்தினார். மாஸ்டருடைய உதடு நடுங்கியது. ஆனால் முகத்தில் ஓர் ஒளி பரவிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, எழுதிக்கொள்ளும்" என்றார் பேப்பர்க்காரனையும் ஒரு கண்ணால் பார்த்து. "அலை என்ரை உடம்பிலையே அடிச்சிட்டுது."

"அது அலை இல்லை சேர். உங்கடை பல்பு..."

"என்ரை உடம்பிலையே!"

பத்மாசினி கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, குழாயிலிருந்த வயரையும் கூரைக்கு மேலால் போன வயரையும் அறுத்துச் சுருட்டி, மாஸ்டரின் கையில் வைத்தாள். "உங்கடை பேரவை." பிறகு மாட்டை அவிழ்த்தாள். றாணி கொட்டில் வாசலில் நாலு காலையும் ஊன்றியது. அவள் இழுக்கவில்லை. தள்ளவுமில்லை. செருப்பில்லாமல் தானே உள்ளே போய்ப் பீப்பாவுக்குள் கையை விட்டு அலம்பிக் காட்டினாள். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. வெயில் ஏறியது. கோயிலில் மணி அடித்தது. அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

கடைசியில் மாடு ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு மற்றக் காலை.

அது குடித்து முடியும்வரை இளையதம்பி காத்திருந்தார். பிறகு, "இதை ஏன் விக்கிறியள்?" என்று தியாகராசாவிடம் கேட்டார்.

"ஆர் வித்தது?" என்றார் தியாகராசா. வாழ்க்கையில் இரண்டாம் தடவையாக ஒரு பக்கம் நின்றார்.

அவர் குனிந்து பீப்பாவை நகர்த்தியபோது வழுக்கையில் ஈரமாக ஒரு நாக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டோ திரும்பவும் வந்தது. இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், பேரவைத் தலைவர் பொன்னம்பலம் அவர்கள்மீது மின்காந்த அலை நேரடித் தாக்குதல் நடத்தியுள்ளது. போராட்டம் மாட்டிலிருந்து மனிதனுக்கு முன்னேறியுள்ளது. பேரவையின் பலகை முன்னிலும் பெரிதாக, முன்னிலும் அதிக வெளிச்சத்தோடு, செல்வி பாலேஸ்வரி அவர்களின் படலையில் மீண்டும் ஒளிர்கிறது. வயர் இந்தத் தடவையும் கொஞ்சம் கட்டையாகிவிட்டதாம். படலைத் தூண் நல்ல இரும்புத் தூண்.

பாலேஸ்வரியின் நாய் இப்போது அந்தத் தூணில் காலைத் தூக்குவதில்லை.